குறைந்த இரண்டு காந்தங்கள்

வழிகாட்டி ஆசிரியருக்கு மாணவிகள் வைத்திருந்த பெயர் ஃபியூஸ். கொஞ்சம் அதிகமாகப் போனால் பட்டென்று எரிந்துவிடுவார். எரிந்தபின் ஆளே இருண்டுபோய், அன்று முழுக்க யாருடனும் பேச்சே இருக்காது. ஆய்வக மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து பார்த்ததுமே அவர் காது மடல் சிவக்கத் தொடங்கியது.

“இது என்னம்மா இது?”

“காந்த உருண்டை சார். நம்மகிட்ட இருக்கற சட்டக் காந்தம் குண்டூசியைக்கூடத் தூக்க மாட்டேங்குது. அதான் நானே வாங்கிட்டு வந்துட்டேன்.”

“பார்த்தா விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. இதுங்க கையில குடுத்தா வகுப்பு சந்தைக்கடை ஆயிடும். நீயே முன்னாடி நின்னு ஒரு தடவை செஞ்சு காட்டிடு, போதும்.”

“போன தடவை அப்படித்தான் சார் செஞ்சேன். பிள்ளைங்க சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாங்கன்னு ஃபெயில் போட்டாங்க.”

ஃபியூஸ் இரண்டு உருண்டைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, டப்பாவை மூடி அவள் பக்கம் தள்ளினார். “என்னமோ செய். எண்ணிக் குடு, எண்ணி வாங்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

அவளை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். கூடப் படித்தவர்களெல்லாம் கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். அவளோ மின்மோட்டார் செய்யும் பட்டறையில் கம்பிச் சுருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, பட்டறையை இழுத்து மூடியபின் வந்தவள். கழுத்தில் தொங்கும் கண்ணாடியும், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணும், ஏசி மெக்கானிக் கணவனும் உள்ளவள். பௌதிகம் அவளுக்குக் கை வழியாகத் தெரியும். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே உள்ளே எந்தச் சுருள் வெந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் நாற்பது பெண்கள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் மதிப்பீட்டில் அதுவும் சேர்ந்துதான் அவளைத் தோற்கடித்தது. ஒருவருக்கு இரண்டு வாய்ப்புதான். இன்றைக்கு இரண்டாவது.

இந்தத் தடவை விடக்கூடாது என்று இருந்தாள். மின்காந்தத் தூண்டல் பாடம். கணவன் வேலைக்குக் கொண்டுபோகும் செம்புக் குழாயை முழ நீளத் துண்டுகளாக அறுத்து, விளிம்பு கையைக் கிழிக்காதபடி அரம் போட்டுத் தந்திருந்தான். அந்தக் குழாய்க்குள் சாதாரண இரும்பு உருண்டையைப் போட்டால் பொத்தென்று கீழே விழும். அதே அளவுள்ள காந்த உருண்டையைப் போட்டால், யாரோ உள்ளே கையை வைத்துத் தாங்குவது போல மெல்ல மெல்ல இறங்கும். செம்பு காந்தத்தில் ஒட்டாது. பிறகு ஏன் தாங்குகிறது? அதுதான் பாடம். வீட்டில் செய்து காட்டியபோது, “குழாய்க்குள்ள என்னடி அடைப்பு?” என்று கணவன் கண்ணை வைத்துப் பார்த்தான். அவனே அசந்துபோனால் பத்தாம் வகுப்புப் பெண்கள் அசர மாட்டார்களா?

முந்தின நாள் கடைசிப் பாடவேளையில் அவள் இன்னொன்றும் செய்தாள். வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள்.

“நாளைக்கு எனக்குப் பரீட்சை. உங்களுக்கு இல்ல, எனக்கு. பின்னாடி ஒரு மேடம் வந்து உட்காருவாங்க. இது போச்சுன்னா எனக்கு அடுத்தது கிடையாது. அதனால நாளைக்கு ஒரு நாள் மட்டும் எந்தப் பிரச்சினையும் வேண்டாம். எதா இருந்தாலும் வகுப்பு முடியட்டும். என்ன?”

“நீங்க கவலைப்படாதீங்க டீச்சர்,” என்றாள் ரேடியோ. வாயே மூடாத பெண் என்பதால் அந்தப் பெயர். “மூச்சுகூட மெதுவாத்தான் விடுவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியக்காவும் சிரித்தாள்.

*

மதிப்பீட்டாளர் அம்மா நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, காலைப் பின்னிக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றினார். பக்கத்தில் ஃபியூஸ். சாப்பாட்டு இடைவேளைக்கு முந்தின பாடவேளை அது. வழக்கமாகப் பசியில் நெளிகிற வகுப்பு அன்று சொன்ன சொல் தவறாமல் பொம்மை போல உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குழாய், ஓர் இரும்பு உருண்டை, ஆறு காந்த உருண்டை. எண்ணித்தான் கொடுத்தாள். பட்டாணி அளவு, பளபளவென்று வெள்ளி நிறம். ஒன்றாகச் சேர்த்தால் ‘டிக்’ என்று கவ்விக்கொள்ளும், பிரிக்க நகம் வலிக்கும்.

பாடம் ஓடியது என்றால் அப்படி ஓடியது. முதல் மேசையில் ஒருத்தி காந்தத்தைப் போட்டுவிட்டு, அது வெளியே வராததைப் பார்த்து, “ஐயோ, மாட்டிக்கிச்சு டீச்சர்!” என்று கத்தினாள். சொல்லி முடிக்கவும் அது மேசைமேல் வந்து விழவும் சரியாக இருந்தது. வகுப்பே எழுந்து நின்றது. பெரியக்காவின் நாக்கு எங்கும் ஒட்டவில்லை. கேள்வி கேட்டாள், பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்தாள், ஒரு மேசையின் பதிலை இன்னொரு மேசையின்மேல் ஏவிவிட்டாள். கடைசி வரிசையில் பேனா நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தது.

மதிப்பீட்டாளர் எழுந்து மேசை மேசையாக வந்தார். நான்காவது மேசையில் ரேடியோவும் பொடியும். பொடி வகுப்பிலேயே சின்ன உருவம், கேட்டால்தான் பேசுவாள். இருவரும் ஏதோ குனிந்து சிரித்துக்கொண்டிருந்தவர்கள், நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்கள்.

“நீ சொல்லும்மா,” என்று மதிப்பீட்டாளர் பொடியைக் காட்டினார். “காந்தம் விழறப்ப குழாயில என்ன நடக்குது?”

பொடி உடனே பதில் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடியபடி அவரையே பார்த்தாள். சொல்லிடு கண்ணு, உனக்குத் தெரியும், சொல்லிடு. பொடியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு பேசினாள்.

“குழாயில மின்னோட்டம் வருது மேடம். அந்த மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, விழறதைத் தடுக்கப் பார்க்குது.”

“ரொம்ப நல்லா சொன்ன,” என்று மதிப்பீட்டாளர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். பெரியக்கா பொடியைப் பார்த்துப் பூரித்துச் சிரித்தாள். பொடி பதிலுக்குச் சிரிக்கவில்லை.

பாடவேளை முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது உருண்டைகளைத் திரும்ப வாங்கினாள். முதல் மேசை சரி. இரண்டு, மூன்று சரி. நான்காவது மேசையில் நான்குதான் இருந்தன.

“இன்னும் ரெண்டு எங்க?”

“கீழ விழுந்துடுச்சு போல டீச்சர்,” என்றாள் ரேடியோ. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ரேடியோவிடமிருந்து இவ்வளவு சின்னப் பதிலைப் பெரியக்கா கேட்டதே கிடையாது.

குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் தரை சுத்தமாக இருந்தது. ஃபியூஸ் பின்னாலிருந்து கையால் ஜாடை காட்டினார்: விடு, முன்னால் போ. அவள் கேட்காமல் நிற்கவே, தானே எழுந்து வந்து காதருகில் முணுமுணுத்தார்.

“எங்கயாவது உருண்டிருக்கும்மா. அப்புறம் தேடிக்கலாம். பாடம் பிரமாதமாப் போகுது. தொகுத்துச் சொல்லி முடிச்சிடு, பாஸ் உன் கையில.”

அவர் சொன்னது நியாயம்தான். அவள் கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸை எடுத்துத் தலைப்பு எழுதினாள். ஆனால் கை எழுதியதே தவிர மனம் நான்காவது மேசையிலேயே நின்றது. டப்பாவின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்த எச்சரிக்கையை வாங்கும்போதே படித்திருந்தாள். சின்னக் குழந்தைகளுக்குத்தானே, இவர்கள் பத்தாம் வகுப்பு என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். பொடியின் முகத்தில் ரத்தமே இல்லை. ரேடியோ அவள் கையை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“எல்லாரும் அப்படியே உட்காருங்க. யாரும் எழுந்திரிக்கக் கூடாது.”

அலமாரியிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்துக்கொண்டு நான்காவது மேசைக்கு வந்தாள். மேசைக்கால் அருகே பிடித்தபோது முள் ஆடியது. அது இரும்பின் ஆட்டம் என்று அவளுக்குத் தெரியும். இரும்பு, முள்ளின் எந்த முனையைக் காட்டினாலும் இழுக்கும். காந்தம்தான் ஒரு முனையை இழுத்து மறுமுனையைத் துரத்தும். தரை நெடுக நகர்த்தினாள். முள் அமைதியாக வடக்கைப் பார்த்தது. பையின் மேல் வைத்தாள். ஒன்றுமில்லை.

“பாக்கெட்ல இருக்கறதை வெளிய வைம்மா.”

பொடி ஒரு கைக்குட்டையையும் ஒரு பேனாவையும் எடுத்து வைத்தாள். பெரியக்கா இன்னும் நெருங்கி வந்தபோது, கையிலிருந்த திசைகாட்டி பொடியின் வயிற்றுக்கு நேராக வந்தது. முள் சட்டென்று திரும்பியது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இடுப்புப் பட்டையின் கொக்கியாக இருக்கும் என்று பட்டையைக் கழற்றச் சொன்னாள். மறுபடி வைத்தாள். முள் மறுபடி திரும்பியது. திசைகாட்டியை இடமிருந்து வலமாகக் கொண்டுபோனாள். ஒரு முனை பொடியைப் பார்த்து வந்தது, மறுமுனை விலகி ஓடியது. பட்டறையில் எத்தனையோ முறை இப்படி முள் திரும்புவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு பெண்ணின் சட்டைக்கு முன்னால் பார்ப்பாள் என்று நினைத்ததில்லை.

“முழுங்கிட்டியா?”

பொடி இல்லை என்று தலையாட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

“முழுங்கிட்டா டீச்சர்!” ரேடியோ வெடித்து அழுதாள். “நாக்குக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வச்சு, தோடு குத்தின மாதிரி காட்டினா. நான்தான் சிரிக்க வச்சேன். சிரிச்சதுல ஒண்ணு உள்ள போயிடுச்சு. அப்புறம் மேடம் வந்து கேள்வி கேட்டாங்களா, வாயில இன்னொண்ணு இருந்துச்சு. துப்பினா உங்க பரீட்சை போயிடும்னு...”

“பதில் சொல்றதுக்காக முழுங்கினாளா?”

“நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, எதா இருந்தாலும் வகுப்பு முடியட்டும்னு.”

கடைசி வரிசையில் பேனா நின்றுபோயிருந்தது.

*

ஃபியூஸ் எரியவில்லை. மாறாகச் சமாதானம் பேசினார். “பயப்படாதீங்க. என் அண்ணன் பையன் சின்னதுல காசையே முழுங்கினான். ரெண்டு நாள்ல தானா வந்துடுச்சு. வீட்டுக்கு அனுப்பி, பழம் குடுக்கச் சொல்லுவோம்.”

“காசு வேற சார், இது வேற.” பெரியக்கா குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் வகுப்பு முழுக்கக் கேட்டது. “ஒண்ணுன்னா வந்துடும். ரெண்டும் சேர்ந்து போயிருந்தாலும் பரவாயில்ல. இவ தனித்தனியா முழுங்கியிருக்கா. ஒண்ணு முன்னால போயி, ஒண்ணு பின்னால நின்னா, நடுவுல குடலை வச்சு ரெண்டும் கவ்விக்கும். விடாது. ஓட்டை விழுந்துடும் சார்.”

பிரிக்க நகம் வலிக்கும் அந்த உருண்டைகளை ஃபியூஸும் காலையில் பிரித்துப் பார்த்திருந்தார். அவர் முகம் மாறியது. பாக்கெட்டில் வண்டிச் சாவியைத் தேடினார்.

மதிப்பீட்டாளர் எழுந்து வந்தார். “உங்க பாடம் இன்னும் முடியலை. நடுவுல போனா அதை முழுப் பாடமா நான் எடுத்துக்க முடியாது. பொண்ணை சார் கூட்டிட்டுப் போகட்டும். நீங்க முடிச்சிட்டுப் போங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு நிமிஷம் பெரியக்கா கரும்பலகையைப் பார்த்தாள். தலைப்பு மட்டும் எழுதியிருந்தது. வீட்டில் அறுத்து அரம் போட்ட குழாய்கள் மேசைகளில் வரிசையாகக் கிடந்தன. சார் வண்டி ஓட்டுவார். வழியில் இந்தப் பெண் வாந்தி எடுத்தால், வலித்தால், யார் பார்ப்பது? ஆஸ்பத்திரியில் என்ன முழுங்கினாள், எத்தனை, எப்படி என்று யார் சரியாகச் சொல்வது?

“மன்னிச்சிடுங்க மேடம்,” என்று சொல்லிவிட்டுப் பொடியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மீதி உருண்டைகள் இருந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். “பிள்ளைங்களைக் கொஞ்சம் பாத்துக்கங்க.”

ஃபியூஸின் கார் அவரைவிட வயதானது. சந்திப்பில் எல்லாம் நின்று நின்று உறுமியது. பின் இருக்கையில் பொடி பெரியக்காமேல் சாய்ந்திருந்தாள்.

“தண்ணி குடிக்கட்டுமா டீச்சர்?”

“வேண்டாம் கண்ணு. ஒண்ணும் உள்ள போகக்கூடாது. டாக்டர் பார்க்கட்டும்.”

“வலிக்கவே இல்ல. அப்புறம் ஏன் போறோம்?”

“வலிக்கறதுக்கு முன்னாடி போனாத்தான் சுலபமா எடுக்க முடியும்.”

“நான் செத்துப்போயிடுவேனா?”

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாய் வந்தது. ஆனால் இன்றைக்கு இந்தப் பெண்ணிடம் எதையும் மூடி மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. “சீக்கிரமா போறோம்ல, அதனால மாட்ட. வீட்டுக்குப் போயிருந்தா எனக்குப் பயமா இருந்திருக்கும். எங்கயாவது குத்தினா, பிடிச்சு இழுத்தா உடனே சொல்லு. யாருக்காகவும் அடக்கிக்காத.”

பொடி தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போனபின், “மேல் வயித்துல ஒரு மாதிரி இருக்கு டீச்சர்,” என்றாள். ஃபியூஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு ஒலிப்பானை அழுத்தினார். அதுகூடச் சளி பிடித்தது மாதிரிதான் கத்தியது.

*

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், “என்ன முழுங்கினா?” என்று கேட்டுக்கொண்டே வேறு யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார். “காந்தம், ரெண்டு, தனித்தனியா,” என்று பெரியக்கா சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். டப்பாவை வாங்கி இரண்டு உருண்டைகளைக் கையுறையின் இரு பக்கமும் ஒட்டிப் பார்த்தார். ரப்பர் நடுவில் நசுங்கியது. அதற்குப் பிறகு அவர் யாரையும் காக்க வைக்கவில்லை.

எக்ஸ்ரே திரையில் விலா எலும்புகளுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் புள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. படம் எடுத்தவர், “ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு, ஒண்ணாவே வெளிய வந்துடும்,” என்றார். டாக்டர் பக்கவாட்டில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கருப்புக் கோடு. முடி அளவுதான்.

“ஒட்டலை,” என்றார் டாக்டர். “நடுவுல எதையோ பிடிச்சிருக்கு. ஒண்ணு இரைப்பையில இருக்கு, இன்னொண்ணு அதைத் தாண்டிடுச்சுன்னு நினைக்கறேன். வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கணும். அதுல வரலைன்னா வயித்தைத் திறக்கறதைத் தவிர வழியில்ல. அப்பா அம்மா வந்துட்டாங்களா?”

வந்துகொண்டிருந்தார்கள். அதாவது அப்பா வந்துகொண்டிருந்தார். அம்மா வேலை பார்க்கும் ஊரிலிருந்து கிளம்பியிருந்தாள். அதற்குள் ஃபியூஸின் போன் அடித்தது. அவர் நடைக்கூடத்தின் மூலைக்குப் போய்ப் பேசிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“தலைமையாசிரியர்மா.” சுற்றும்முற்றும் பார்த்தார். “அந்தக் காந்தம் நம்ம ஆய்வகக் கணக்குல இல்லை. அதனால அந்தப் பொண்ணே வீட்டுல இருந்து கொண்டு வந்ததா இருக்கலாம்னு சொல்லிக்கலாமாம். யாரும் கேட்கப் போறதில்ல. உனக்கும் நல்லது.”

“நீங்க என்ன சொல்றீங்க சார்?”

அவர் தன் செருப்பைப் பார்த்தார். “நான் என்ன சொல்றது. அவர் சொல்லச் சொன்னார், சொல்லிட்டேன்.”

பொடியின் அப்பா வெல்டர். சட்டையெல்லாம் தீப்பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாக இருந்தது. கண் சிவந்திருந்தது தீயாலா அழுகையாலா என்று தெரியவில்லை. மகள் படுத்திருந்த அறைக்குள் போய் அவள் தலையைத் தடவிவிட்டு, வெளியே வந்தார்.

“யாரு குடுத்தது அதை?”

ஃபியூஸ் பெரியக்காவைப் பார்த்தார். பெரியக்காவுக்குப் பழையபடி நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நடைக்கூடத்தில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது கடந்துபோனதும் சொன்னாள்.

“நான்தாங்க. நான்தான் கடையில வாங்கி வகுப்புக்குக் கொண்டு வந்தேன். முழுங்கினா ஆபத்துன்னு எனக்குத் தெரியும். பிள்ளைங்ககிட்ட அதைச் சொல்லியிருக்கணும், சொல்லலை. இன்னைக்கு எனக்குப் பரீட்சை, எந்தப் பிரச்சினையும் வேண்டாம்னு மட்டும் சொன்னேன். அதனால உங்க பொண்ணு வாயைத் திறக்கலை.”

அவர் ஓரடி முன்னால் வந்தார். அடித்துவிடுவார் என்றே ஃபியூஸ் நினைத்து நடுவில் புகுந்தார். அவர் அடிக்கவில்லை.

“உங்க பரீட்சைக்கு எங்க பொண்ணு வயிறா கிடைச்சுது?” என்றார். குரல் உடைந்திருந்தது. “அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களை நான் சும்மா விட மாட்டேன். எழுதி வச்சுக்கங்க.”

“சரிங்க,” என்றாள் பெரியக்கா.

பொடியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. அப்பா சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெரியக்கா அவருக்கு எதிரே நின்றாள், உட்காரத் தோன்றவில்லை. அவளுக்குள் அந்த முடியளவுக் கருப்புக் கோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு உருண்டைகளும் எவ்வளவு பலமாக இழுக்கும் என்று அவளுக்குக் கணக்கு தெரியும். தூரம் குறையக் குறைய இழுப்பு எப்படி ஏறும் என்பதும் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் தேவலை என்று அப்போது தோன்றியது. யாராவது செவிலியர் கதவைத் திறந்தால் இருவரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள். திறந்தவர்கள் வேறு எதற்கோ போனார்கள். வயிற்றைத் திறக்கும் டாக்டரையும் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஃபியூஸ் எங்கோ விசாரித்துவிட்டு வந்து சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

கடைசியில் அந்த இளம் டாக்டர்தான் வந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் இரண்டு உருண்டைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடந்தன.

“வந்துடுச்சு. ஒண்ணு அப்பத்தான் குடலுக்குள்ள தலையை விட்டிருந்தது. பிடிச்ச இடம் சிவந்துபோயிருக்கு, ஓட்டை இல்லை. ஒரு ராத்திரி இருக்கட்டும்.” பிறகு யாரிடம் என்றில்லாமல், “நாளைக்குக் கொண்டு வந்திருந்தா கதையே வேற,” என்றார்.

வெல்டர் எழுந்திருக்க முயன்றார். கால் மரத்துப்போயிருந்ததால் முடியவில்லை. ஃபியூஸ் கையைக் கொடுத்துத் தூக்கினார். பெரியக்கா அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

*

சாயங்காலம் மதிப்பீட்டாளர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். பொடியைப் பார்த்துவிட்டு, பெரியக்காவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“சொல்ல வேண்டியதை நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன். உங்களைத் தேர்ச்சின்னு போட முடியாது. பாடம் முடியலைங்கறதுக்காக மட்டும் இல்லை. ஆபத்தான பொருளை எச்சரிக்காம கையில குடுத்தீங்க. பிள்ளைங்களைப் பயமுறுத்தி வாயை அடைச்சீங்க. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் மேடம்.”

“இன்னொரு வாய்ப்பு குடுக்கலாமான்னு கல்லூரியில கேட்டுப் பார்க்கறேன். உறுதியா சொல்ல முடியாது. அந்தத் தலைமையாசிரியர் உங்களைப் பத்தி நல்லதா எதுவும் சொல்லப் போறதில்ல.” எழுந்தவர் நின்றார். “நான் அந்தப் பொண்ணுகிட்டக் கேள்வி கேட்டுக்கிட்டு நேருக்கு நேரா நின்னேன். எனக்குத் தெரியலையே. அதையும்தான் யோசிச்சுக்கிட்டே வந்தேன்.”

இன்னொரு வாய்ப்பு கிடைத்தது, ஆனால் சுலபமாகக் கிடைக்கவில்லை. ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்து, வேறொரு பள்ளிக்கூடத்தில், புதிய வகுப்பில் பெரியக்கா மறுபடி நின்றாள். சுமாரான மதிப்பெண்ணில் தேறினாள். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று அவளுக்கு எதுவும் தெரியாது. மதிப்பீட்டாளரின் காலடிச் சத்தம் படியில் இறங்கிப் போனதும் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

உள்ளேயிருந்து பொடி கூப்பிடுவது கேட்டது. குழாய் விட்ட தொண்டை என்பதால் குரல் கரகரத்தது. பெரியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். வெல்டர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“டீச்சர், நான் சொன்ன பதில் சரிதானே?”

“எந்தப் பதில்?”

“குழாயில மின்னோட்டம் வருதுன்னு மேடம்கிட்டச் சொன்னேன்ல.”

“ரொம்பச் சரி.”

“இனிமே இவளுக்குப் பௌதிகமே வேண்டாம்,” என்றார் வெல்டர் சுவரைப் பார்த்து. “வேற ஏதாவது படிக்கட்டும். வயித்துல குழாயை விடாத படிப்பா.”

“அப்பா, சும்மா இருங்க.”

“என்ன சும்மா இரு? காந்தத்தை முழுங்கின வாய் பேசுது.” அவர் திட்டிக்கொண்டே போர்வையை இழுத்து மகளின் கால்வரை மூடிவிட்டார். பிறகு, இன்னும் பெரியக்காவைப் பார்க்காமலே, பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

“எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க. உட்காருங்க.”

பெரியக்கா உட்கார்ந்தாள்.